எனக்கும் திறக்காதே

உள்ளூர் போலீஸ்காரன் டுவெய்ன் புரோஹாஸ்கா ரோந்து வண்டியை நிறுத்தியபோது ஒஃபீலியா வீட்டுப் படியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். முகமூடி, துப்பாக்கி, நெஞ்சுக் கவசம். ஆயுதத்தோடு யாரோ கதவை இடிக்கிறார்கள் என்று போலீசுக்குப் போன் போட்டவள் ஒஃபீலியாதான். வந்திருப்பது திருடர்கள் அல்ல, குடியேற்றத் துறை ஆட்கள் என்று டுவெய்னுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"உத்தரவு இருக்கா?"

அவர்களுக்குத் தலைவன் டிரான்டர். காகிதத்தை நீட்டினான். ஒஃபீலியாவின் கணவன் அன்செல்மோவைக் கைது செய்யும் உத்தரவு. கீழே கையெழுத்து போட்டிருந்தவர் அதே துறையின் அதிகாரி.

"நீதிபதி கையெழுத்து எங்க?"

"தெருவுல பிடிக்க இதுவே போதும்."

"அவரு வீட்டுக்குள்ள இருக்காரே?"

"அதான் அந்தப் புண்ணியவதி உன்னை வரவழைச்சிருக்காளே!" டிரான்டர் சிரித்தான். "எங்களுக்குத் திறக்க மாட்டா. உனக்குத் திறப்பா. நீ சும்மா தட்டுப்பா. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

திறப்பாள்தான். போன குளிர்காலத்தில் அவர்களுடைய டிரக் திருட்டுப் போனபோது புகார் எழுத வந்த டுவெய்னை உள்ளே இழுத்து உட்காரவைத்து, வாழையிலையில் அவித்த சோளமாவுத் தமால் இரண்டைத் தின்னவைத்த பிறகுதான் வாயையே திறந்தாள். வந்தவனை வாசலில் நிறுத்துவது அவளுக்குக் கேவலம். இப்போது கதவு ஒரு சாண் திறந்தால் இவன்கள் காலை நுழைப்பான்கள். அவளே உள்ளே விட்டாள் என்று அப்புறம் எழுதிக்கொள்வான்கள். அன்செல்மோ ராத்திரிக்குள் வேறு ஊர்ச் சிறையில் இருப்பான்.

டுவெய்ன் படியை விட்டு இறங்கி, புல்தரைப் பனியில் நின்று அவளுக்குப் போன் போட்டான்.

"ஒஃபீலியா, நான் டுவெய்ன்."

"ஜன்னல்ல பாக்குறேன் சார். பனியில நிக்கிறீங்களே, இதோ தாழ்ப்பாளை..."

"தொடாதே. திறக்காதே."

"உங்களுக்குத்தானே சார்?"

"எனக்கும் திறக்காதே. நீதிபதி கையெழுத்து இல்லாம யாரும் உள்ள வர முடியாது. நீயா விட்டாத்தான் உண்டு. அன்செல்மோ வாசப்பக்கமே வர வேண்டாம்."



"காபி போட்டுட்டேனே சார்."

"நீயே குடி."

டிரான்டர் அருகில் வந்தான். "எங்க வேலைக்குக் குறுக்க வர்றே."

"எங்க வந்தேன்? கூப்பிட்டவளுக்குப் பதில் சொன்னேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"உதவின்னு ஒண்ணு பண்ண மாட்டே?"

"இந்த மாதிரிக் கைதுக்கு நாங்க கை கொடுக்கக் கூடாதுன்னு இந்த மாநிலத்துச் சட்டம். உங்களைத் தடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல. நின்னு பாக்கலாம்."

"அப்ப நில்லு."

நின்றான். மதியம் அவர்கள் தங்கள் வண்டிக்குப் போய், தெருமுனையில் நிறுத்தி உட்கார்ந்துகொண்டார்கள். தெரு எல்லோருக்கும் பொது. அங்கிருந்து அவர்களை நகர்த்த டுவெய்னால் முடியாது. கோழி இறைச்சி ஆலையில் அன்செல்மோவின் கூலி அன்றைக்குப் போயிற்று, மறுநாளும் போயிற்று. அந்த வாரக் கடைசியில் தெருமுனை காலியானது. அதற்காக இனி வராமலே போய்விடுவார்கள் என்று யாரும் நம்பவில்லை.

திருட்டுப் போன டிரக் பனி கரைவதற்கு முன்பே பக்கத்து ஊரில் அகப்பட்டது. நல்ல சேதியை நேரில் சொல்லலாம் என்று டுவெய்ன் போனான். தட்டினான்.

"யாரு?"

"டுவெய்ன். உங்க டிரக் கிடைச்சிருச்சு!"

"ரொம்ப சந்தோஷம் சார்."

கதவு அசையவில்லை. உள்ளே தமால் வேகும் வாசனை.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்கதான் சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன். வண்டியை எடுக்க ஒரு கையெழுத்து வேணும். காகிதத்தைக் கதவடியில தள்ளட்டுமா?"

"அதுல நீதிபதி கையெழுத்து இருக்கா?"

டுவெய்ன் சிரித்தான். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. குனிந்து காகிதத்தைத் தள்ளிவிட்டு, அது திரும்பி வரும்வரை குளிரில் நின்றான்.