பெத்துல்2

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இனி யாரும் பென்டிரைவோடு அலைய வேண்டாமென்று, இயந்திரக் கோப்புகளைச் சர்வரில் வைக்க ஒரு நிரல் கிளாஸும் எடுத்துத் தர ஒரு கிளாஸும் பிரமிளா எழுதியிருந்தாள். பெயரின் கடைசியில் எந்த எண் பெரிதோ, அதுவே புதிய கோப்பு; அதைவிடச் சிறிய எண்ணைச் சர்வர் ஏற்காது. இன்று காலை முழுக்கப் பழைய கோப்பே ஓடி, சரக்கெல்லாம் ரிஜெக்ட்.

"இத்ரீஸ் அண்ணே, ‘பெத்துல்5’ இருக்கறப்ப புதுசுக்கு ஏன் ‘பெத்துல்2’னு பேர் வச்சீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு இல்ல லா, பெத்துல்-பெத்துல்! ரொம்ப ரொம்பச் சரின்னு அர்த்தம். மலாய்ல ஒரு சொல்ல ரெண்டு தடவ சொல்ல 2 போட்டுத்தானே எழுதுவோம்?" என்றார் டெக்னீஷியன்.

அவளும் வாட்ஸ்அப்பில் நாள் முழுக்க அப்படித்தான் எழுதுகிறாள். உட்கார்ந்து கிளாஸைத் திருத்தினாள். அலுப்போடு அதற்கொரு பெயரைத் தட்டிச் சர்வருக்கு அனுப்பினாள்: ‘பெத்துல்2’.

‘இது பழையது’ என்று, அவள் எழுதிய விதிப்படியே சர்வர் அதைத் திருப்பி அனுப்பியது.