அவ்வளவு பழக்கமில்லை

பாரிஸில் லாச்சப்பல் மெத்ரோவால் இறங்கி நடந்தால் வருகிற அந்தச் சாப்பாட்டுக் கடையில், சுவரோடு ஒட்டிய கடைசி மேசைக்குக் கொலைகாரர் மேசை என்று பெயர். பெயர் வைத்தவர் கடை முதலாளி. முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் ரோல்ஸ் தட்டோடு வந்தபோது, "பிரேதத்தை ஆத்திலை போடுறதெண்டால் முதலே கல்லுக் கட்டியிருக்க வேணும்" என்று ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டிருந்தது. மனிதர் தட்டை வைத்த வேகத்தில் ஒரு ரோல் கீழே விழுந்துவிட்டது. பிறகு விசயம் விளங்கிச் சிரித்தார் என்றாலும், குழந்தை குட்டியோடு வருகிறவர்களை இன்றுவரை அந்த மேசைக்குப் பக்கத்தில் அவர் இருத்துவதில்லை.

அந்தக் குரல் தயாளினியுடையது. சென் தெனியில் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள், கலியாணம் ஆகவில்லை. மேசையின் மற்ற இரண்டு பேரில் ஒருவர் பொன்னம்பலம் அண்ணை. தபால் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் புத்தகமானாலும் முப்பதாம் பக்கத்துக்குள் கொலைகாரனைப் பிடித்துவிடுவார். பிடித்தவன் ஒருநாளும் கொலைகாரனாக இருந்ததில்லை என்பது வேறு கதை. அதற்கு அவர் எழுதியவனைத்தான் ஏசுவார். மூன்றாவது ஆள் தவசீலன். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் சமையல். நாற்பத்தைந்து வயது, அவனும் தனிக்கட்டை.

மூன்று பேரையும் சேர்த்துவைத்தது பழைய துப்பறியும் நாவல்கள். துப்புரவான வீட்டில் துப்புரவான கொலை நடந்து, பேராசிரியர் ஒருவர் வந்து கண்டுபிடிக்கிற வகை அல்ல. கறுப்பு அட்டை, மழை, துறைமுகம், வாயில் சிகரெட் என்று வருகிற வகை. அதில் துப்பறிகிறவன் வாடகைக்கு அலைவான், பொலிஸிடம் அடி வாங்குவான், தனிய இருந்து குடிப்பான், யாரையும் நம்பமாட்டான். லாச்சப்பலில் பாதித் தமிழ்ச் சனம் வாழ்கிற வாழ்க்கைதான். தொப்பி ஒன்றுதான் குறை.

புத்தகத்தை வாங்கி வருபவன் தவசீலன். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் பழைய புத்தகக்காரர் ஒருவரின் பெட்டியைக் கிளறி எடுப்பான். ஒரே பிரதிதான், முதலில் அவன், பிறகு தயாளினி, பிறகு அண்ணை. அவளுக்குச் சிரிப்பு வரும் என்று அவன் நினைக்கிற வரிகளுக்குப் பென்சிலால் கோடு போட்டிருப்பான். அண்ணைக்குக் கொடுக்கமுன் அவள் அந்தக் கோடுகளையெல்லாம் அழித்துவிடுவாள். ஏன் அழிக்கிறாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அது எனக்கென்று போட்ட கோடு, மற்றவன் ஏன் பார்ப்பான் என்று சொல்லியிருப்பாள். தவசீலன் மேல் அவளுக்கு விருப்பம். அதை அவனிடம் சொல்லுகிற யோசனை அவளுக்கு இல்லை. இந்த வயதில் சொல்லி, அவன் முழிசிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல் போனால்?

அந்த மாதத்துப் புத்தகம் மார்செய் துறைமுகத்தில் நடப்பது. ஹோட்டல் நடத்துகிற ஒருத்தி பங்காளியை நஞ்சு வைத்துக் கொன்றுவிடுகிறாள். துப்பறிகிறவனுக்கு அவளில் உயிர். என்றாலும் கடைசியில், அவளுடைய ஹோட்டல் தொலைபேசியிலேயே பொலிஸைக் கூப்பிட்டு அவளைக் கொடுத்துவிடுகிறான். பொலிஸ் வரும்வரை அவள் போட்டுக் கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டு இருக்கிறான். மேசையில் இதற்கு இரண்டு ஞாயிறு சண்டை நடந்தது.

"அவன் செய்தது சரி," என்றான் தவசீலன். "கேக்கிறவனுக்கு உள்ளதைச் சொல்லுறதுதான் அவன்ரை தொழில். விருப்பமான ஆளெண்டு மாத்திச் சொன்னால், பிறகு அவன் ஆர்?"

"ஆரோ ஒரு மனிசன்," என்றாள் தயாளினி. "கலியாணம் கட்டிச் சந்தோசமா இருக்கிற மனிசன். உள்ளதைச் சொல்லிக் கடைசியிலை என்ன கண்டவன்? ஒரு கோப்பி."

"அதுவும் நஞ்சு வைக்கிறவள் போட்ட கோப்பி," என்றார் பொன்னம்பலம் அண்ணை. "என்னைக் கேட்டால், அதைக் குடிச்சதுதான் பிழை."

தவசீலன் அண்ணையைக் கவனிக்கவில்லை. "நீங்களெண்டால் என்ன செய்திருப்பியள், தயாளினி?"

"நானெண்டால் கண் வெட்டாமல் பொய் சொல்லியிருப்பன். எனக்கு வேணுமெண்ட ஆளை நான் ஏன் தூக்கிக் குடுப்பான்?"

அவன் அவளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறிப்போன ரோல் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

புதன்கிழமை பின்னேரம் அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது வைபரில் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு ஒன்று வந்தது. தில்லைநாயகி என்ற ஒரு அன்ரி. முன்பின் தெரியாதவர். தெரியாதவர் என்பதெல்லாம் நம்மவர்களுக்கு ஒரு தடையா? எந்த ஊர், எந்த வீதி என்று தொடங்கி, தயாளினியின் பெரியம்மாவோடு படித்தவரைத் தனக்குத் தெரியும் என்பதில் வந்து நின்ற பிறகுதான் விசயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, என்ரை தங்கச்சியின்ரை மகளுக்கு, முப்பத்தெட்டு வயசு, உங்கை பரிசிலை ஒரு சம்பந்தம் பேசுறம். தவசீலன் எண்டு. உமக்குத் தெரிஞ்ச ஆளாமே. பெடியன் எப்பிடி?"

கலியாண விசாரணை. தயாளினி ஒற்றைச் சப்பாத்தோடு நிலத்தில் இருந்தாள்.

கறுப்பு அட்டைக்காரர்களுக்கு ஒரு ஆளைத் தீர்க்கத் துவக்கு வேண்டும், கத்தி வேண்டும், பிரேதத்தை இழுக்க ஒரு காரும் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இவ்வளவு மினைக்கேடு இல்லை. கலியாணத்துக்கு விசாரிக்கிறவர்களிடம் யாரும் ஒருத்தரைப் பற்றிக் கூடாமல் சொல்வதில்லை, அது பாவம். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "அவையோடை எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை" என்று சொன்னால் போதும். கேட்டவர் "விளங்குது, விளங்குது" என்று போனை வைத்துவிடுவார். அத்தோடு சம்பந்தம் செத்தது. சொன்னவர் கையில் ஒரு சொட்டு இரத்தம் இருக்காது. குடிகாரனோ, விசரனோ, முதலே கட்டியவனோ என்று மிச்சத்தைக் கேட்டவரே கற்பனை செய்துகொள்வார்.

தயாளினிக்கு இது ஏட்டுப் படிப்பு அல்ல. இருபத்தாறு வயதில், மண்டபம் பார்க்கிற அளவுக்கு வந்த அவளுடைய சம்பந்தம் ஒன்று இப்படித்தான் போனது. பக்கத்து ஊரான எபினேயில் யாரோ ஒருத்தர் "அவ்வளவு பழக்கமில்லை" என்றாராம். யார், ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சொல்லை என் வாயால் ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று அன்று அழுதபடி நினைத்தாள்.

"பிள்ளை, லைனிலை நிக்கிறீரோ?"

ரொறன்ரோவில் யாரோ ஒருத்தி, முப்பத்தெட்டு வயதில், இந்தப் பதிலுக்காகப் பக்கத்து அறையில் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பாள். கேட்கிறவனுக்கு உள்ளதைச் சொல்கிறதுதான் தொழில் என்ற தவசீலனின் குரலும் வந்து குறுக்கே நின்றது. இரண்டு ஞாயிறு முழுக்க அவள் ஒத்துக்கொள்ளாமல் இருந்த விசயம், சப்பாத்தும் காலுமாய் இருக்கிற நேரம் பார்த்துச் சரியாகப் பட்டுத் தொலைத்தது.

"நல்லவர், அன்ரி," என்றாள். பிறகு உள்ளதையெல்லாம் சொன்னாள். குடிக்கமாட்டார். பத்ரோன் என்கிற உணவக முதலாளி வேலையாட்களின் சம்பளத்தில் கைவைக்கப் பார்த்தபோது எழும்பி நின்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். மழை பெய்தால் புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு தான் நனைந்து வருவார். மற்றவர் கதைக்கும்போது குறுக்கே விழமாட்டார். சிரிக்கிறபோது முதலில் கண்ணால் சிரிப்பார்.

"சந்தோசம் பிள்ளை," என்றார் அன்ரி. "இப்பிடி மனசாலை சொல்ல ஆர் இருக்கினம்?"

போனை வைத்த பிறகு தயாளினி வெகுநேரம் எழும்பவில்லை. மற்றச் சப்பாத்து காலிலேயே கிடந்தது. பெரிய நேர்மைக்காரி என்று தன்னையே ஏசிக்கொண்டாள். அந்த மார்செய்க்காரனுக்காவது ஒரு கோப்பி கிடைத்தது.

ஞாயிறு அவள் போகாமல் விடத்தான் பார்த்தாள். போகாமல் விட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்பது துப்பறியும் நாவல் படிக்கிற எவருக்கும் தெரியும். எனவே போனாள். தேத்தண்ணி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். பொன்னம்பலம் அண்ணை புதிய புத்தகம் ஒன்றுக்குள் தலையை விட்டிருந்தார். முப்பதாம் பக்கம் கிட்டியிருந்ததால் அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. தவசீலன் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிர்க் கதிரையில் இருந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"தில்லைநாயகி அன்ரிக்கு என்ன சொன்னியள்?"

"உள்ளதைச் சொன்னன்."

"உள்ளதையோ? என்ரை அக்கா பரமேஸ்வரி ரொறன்ரோவிலையிருந்து போனிலை அழுகிறா, சந்தோசத்திலை. இப்பிடி ஒரு சாட்சி ஆருக்கும் கிடைக்காதாம். பரிசுக்கு வர ரிக்கற் போடப் போகினம்."

"நல்லதுதானே. பிறகு ஏன் என்னிலை பாயிறியள்?"

"உங்கடை நம்பரை அவைக்கு ஆர் குடுத்ததெண்டு நினைக்கிறியள்? நான்தான்!"

தயாளினிக்கு விளங்கவில்லை.

"அக்காதான் என்னை வளத்தவ," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "அவவுக்கு முன்னாலை வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. பரிசிலை உன்னைத் தெரிஞ்ச ஆள் ஆரெண்டு கேட்டவ. நீங்கள் குழப்பிவிடுவியள் எண்டு நினைச்சு உங்கடை பேரைச் சொன்னன். கண் வெட்டாமல் பொய் சொல்லுவன், வேணுமெண்ட ஆளைக் குடுக்கமாட்டன் எண்டு இந்த மேசையிலை இருந்து சொன்னது நீங்கள்தானே? நீங்கள் குழப்பியிருந்தால்..." அவன் மேசையைப் பார்த்தான். "எனக்கும் ஒரு மறுமொழி கிடைச்சிருக்கும்."

"கேக்கிறவனுக்கு உள்ளதைச் சொல்லவேணும் எண்டது நீங்கள்தானே!"

"அது புத்தகத்திலை!"

உலகத்தில் விவாதம் செய்கிறவர்கள் ஒருநாளும் ஒருவரை ஒருவர் வெல்வதில்லை என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வென்று தொலைத்திருந்தார்கள்.

தயாளினிக்கு முதலில் வந்தது சந்தோசம். அடுத்ததாக வந்த கோபம் அதைத் தள்ளிவிட்டு முன்னுக்கு நின்றது. "நாப்பத்தைஞ்சு வயசு ஆம்பிளை. பத்ரோனுக்கு முன்னாலை எழும்பி நிப்பியள், அக்காவுக்கு முன்னாலை ஒரு 'வேண்டாம்' வராது. அதுக்குத் துவக்கை என்ரை கையிலை தந்துபோட்டு ஒளிச்சு நிண்டு பாக்கிறியள், என்ன?"

"ஓம்," என்றான் தவசீலன். "அதுதான் செய்தனான்."

அந்த நேரத்தில் அவளுடைய போன் மேசையில் கிடந்து நடுங்கியது. தில்லைநாயகி அன்ரி. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் எடுத்தாள்.

"குறை நினையாதையும் பிள்ளை," என்றார் அன்ரி. "நீர் சொன்னது எல்லாம் தங்கமா இருக்கு. ரிக்கற் போட முதல் எங்கடை மனிசன் ஒண்டு கேக்கச் சொன்னவர். இவ்வளவு நல்ல பெடியன் இந்த வயசுமட்டும் கட்டாமல் ஏன் நிண்டவர்? அங்கை ஆரும் பொம்பிளை தொடுசல் கிடுசல் இருக்கோ?"

தயாளினி எதிரே இருந்தவனைப் பார்த்தாள். கோட்டு நனைந்திருந்தது. உள்ளே புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது. எபினேயில் யாரோ ஒருத்தர் தனக்குச் செய்ததை அவள் நினைத்தாள். பிறகு, அந்த ரொறன்ரோப் பெண், மனம் வேறெங்கோ இருக்கிற ஒருவனுக்குக் காலம் முழுக்கச் சமைப்பதையும் நினைத்தாள். பேசாமல் இருந்தாள். அப்படி ஒரு மௌனத்துக்கு எவ்வளவு பாரம் என்று அவளைவிட அந்த மேசையில் யாருக்குத் தெரியும்?

"அதைச் சொல்லுற அளவுக்கு," என்றாள் மெல்ல, "எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை, அன்ரி."

இப்படிப் பார்த்தாலும் அப்படிப் பார்த்தாலும் அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"விளங்குது பிள்ளை," என்றார் அன்ரி. "விளங்குது. உம்மை மாதிரிப் பிள்ளையளாலைதான் எங்கடை குமருகள் தப்புதுகள்."

தயாளினி போனைக் கவிழ்த்து வைத்தாள். தவசீலன் அவளுடைய தேத்தண்ணியை இழுத்து ஒரு மிடறு குடித்தான். அது எப்போதோ ஆறியிருந்தது.

"முடிஞ்சுது," என்றாள். "இனி ரொறன்ரோவிலை இருந்து லண்டன்மட்டும் ஒரு சனம் உங்களுக்குப் பொம்பிளை தராது."

"தெரியும்."

"அக்கா இப்ப எடுப்பா. அவவுக்கு நான் மறுமொழி சொல்லமாட்டன். அது உங்கடை வேலை."

ரொறன்ரோவில் கதை பரவுகிற வேகத்துக்குப் போன் கம்பனிக்காரரே வெட்கப்பட வேண்டும். தேத்தண்ணி முடியமுன் தவசீலனுடைய போன் அடித்தது. பரமேஸ்வரி அக்காவின் குரல் காதில் வைக்காமலே கேட்டது. ஆரோ பொம்பிளை தொடுசல் எண்டு கதையடா, உண்மையோ, குடும்ப மானம் போகுதடா, உண்மையோ எண்டு சொல்லு. தயாளினி அவனைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். அவன் இப்போதும் இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு இந்த மேசைக்கு அவள் வரமாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தவசீலன் எழும்பி நின்றான். இருந்துகொண்டு சொல்ல அவனால் முடியவில்லை போலும்.

"ஓம் அக்கா," என்றான், கடை முழுக்கக் கேட்கும்படி. "உண்மைதான். ஒராள் இருக்கிறா. எனக்கு அவதான் வேணும்."

முதலாளி தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். பொன்னம்பலம் அண்ணை புத்தகத்தை மடித்து வைத்தார். கொலைகாரனைப் பிடித்துவிட்ட பூரிப்பு முகத்தில் இருந்தது. நின்றுகொண்டிருந்த தவசீலனைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தயாளினியைப் பார்த்தார், திரும்பவும் தவசீலனைப் பார்த்தார்.

"பிள்ளை," என்று அவள் பக்கம் குனிந்து இரகசியமாகக் கேட்டார், "ஆர் அந்தப் பொம்பிளை? உனக்கு ஏதும் தெரியுமோ?"