ஒரு கழித்தல் குறி

1

இந்தக் கதை ஒரு சிவப்பு வட்டத்தில் பிறந்தது. கதாநாயகியை ‘அவள்’ என்றே எழுதுகிறேன். ‘நான்’ என்று எழுதினால் புலம்பல் என்று சொல்ல ஆள் தயாராக இருக்கிறது.

முதல் தொடக்கம்: கண்ணுக்குத் தெரியாத காற்று என்னும்

(வேண்டாம். காற்றை இப்படித் தொடங்கியவர்கள் ஆயிரம் பேர்.)

இரண்டாவது: கல்லூரி ஆய்வகத்தில், தட்டையான அகன்ற விளிம்புள்ள ஒரு குழாய்முனையிலிருந்து காற்று பீய்ச்சியடிக்கிறது. எதிரே ஒரு வட்டத் தகடு. காற்று அதை எவ்வளவு தள்ளுகிறது என்று ஒரு முள் காட்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. தகட்டுக்குப் பதில் கிண்ணம் வைத்தால் காற்று வந்த வழியே திரும்பும். விசை ஏறக்குறைய இரட்டிக்கும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அவள் கண்டது அதில் இல்லை. தகட்டை முனைக்கு நகக்கன தூரத்தில் வைத்தபோது, முள் பூஜ்யத்தைத் தாண்டிப் பின்னால் போனது. செய்முறை ஏட்டில் எண்ணுக்கு முன்னால் பென்சிலால் ஒரு கழித்தல் குறி இட்டாள்.

2

சார் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

“ஊதுனா தள்ளும்மா. எங்கயாவது இழுக்குமா?”

“இழுத்துச்சு சார். மூணு வாட்டி பாத்தேன்.”

“முள்ளத் தப்பாப் பாத்திருப்ப. உங்க வீட்டுல படிச்சவங்க யாரு?”

“நான்தான் சார்.”

(இந்தப் பதிலைப் பிறகு யோசித்துச் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. இந்தக் கதையில் நான் கைவைக்காத ஒரே வரி இது.)

“அழிச்சிட்டு வா, கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா செய்முறைத் தேர்வுப் பக்கமே வராத.”

3

இங்கே ஒரு பொய் எழுதி வைத்திருந்தேன். ஆயத்த ஆடை ஆலையில் தைத்த துணிமேல் காற்றடித்துப் பிசிறு நீக்கும் அம்மா, “ரொம்பக் கிட்டப் போனா இழுக்கும்டி” என்று முன்பே சொல்லியிருந்ததாக. அழகாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. கண்டுபிடித்தது அவள். இதில் யாருக்கும் பங்கு கிடையாது.

அம்மா கொடுத்தது ஒரு காலி நூல்கண்டு மட்டும். அவள் சிறிய அட்டை ஒன்றின் நடுவில் குண்டூசியைக் குத்தினாள். ஊசி நூல்கண்டின் நடுத்துளைக்குள் நிற்கும்படி, அதன் அடியில் அட்டையை விரலால் தாங்கிப் பிடித்தாள்.

“மேலேருந்து ஊதும்மா. நான் விரல எடுத்துருவேன்.”

“ஊதுனா விழத்தானேடி செய்யும்? எனக்கு வேற வேலையில்லையா?”

ஊதினாள். விரல் விலகியது. அட்டை விழவில்லை. மூச்சு தீர்ந்த பிறகுதான் விழுந்தது. அம்மா மறுபடி ஊதினாள், கன்னம் உப்ப, அட்டையை முறைத்துக்கொண்டு.

“தள்ளத் தள்ள ஒட்டிக்குதேடி, உங்கப்பன் மாதிரி!”

(நானும் விளக்கிவிடுகிறேன்: குறுகலான இடைவெளியில் காற்று பிய்த்துக்கொண்டு ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அட்டையைக் கீழிருந்து அழுத்திப் பிடிக்கிறது.)

4

மறுநாள் நூல்கண்டை சாரின் மேசைமேல் வைத்தாள்.

“என்னம்மா, தையல் கிளாஸா?”

அவள் பேனாவைத் திறந்தாள். பென்சில் குறியின் மேலேயே மையால் ஒரு கோடு இழுத்தாள்.

“ஊதிப் பாருங்க சார்.”

முடிவு அ: ஊதினார், சிரித்தார், கையெழுத்திட்டார். (சினிமா.)

முடிவு ஆ: ஊதாமலே “வெளிய போ” என்றார். (நடக்கக்கூடியது. அதனால்தான் பிடிக்கவில்லை.)

முடிவு இ: சார் நூல்கண்டைக் கையில் எடுத்து

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. சாரின் நாற்காலியில் இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போட வேண்டியதும் நீங்கள்தான். ஒரு நூல்கண்டு, ஒரு குண்டூசி, ஒரு துண்டு அட்டை. ஊதிப் பாருங்கள். அட்டை விழுந்தால் அவளுடைய கழித்தல் குறியைத் தாராளமாக அழியுங்கள்.

அழிப்பானைத் தேட வேண்டாம். அந்தக் குறி இப்போது மையில் இருக்கிறது.