என் ஸ்கேனர் காட்டாத வரி

என் ஸ்கேனரை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். அம்பத்தூரில் எங்கள் தெருவில் அதை முதலில் வாங்கிய மெக்கானிக் நான்தான். எந்தக் கம்பெனி காரில் செருகினாலும் கோளாறைச் சொல்லிவிடும். ஆனால் அன்று ராகவன் குறை சொன்னபோது எனக்கே அதன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் ராகவன். கோவில்பட்டிக்காரர், ஐடி வேலை. அங்கிருந்து முக்கால்வாசிக் கார்கள் என் ஷெட்டுக்கு வருவது அவர் சொல்லித்தான். ஆயுத பூஜைக்கு அவருடைய புதுக் காரைச் சர்வீஸ் செய்து, ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பூஜையும் முடித்து அனுப்பினேன்.

மறுநாளே திரும்பி வந்தார். முன்னால் போகும் வண்டியை ரேடாரில் பார்த்துத் தானாகவே பிரேக் பிடிக்கும் கார் அது. அந்த வசதி நின்றுபோய் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கேனரைச் செருகினேன். ‘முன் ரேடார் கோளாறு’ என்றது. அழித்தேன். தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி எரிந்தது. மூன்று முறை இதே கூத்து.

“உங்க பொட்டிய மாட்டுறவரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு அண்ணாச்சி? எங்க வாட்ஸப் குரூப்புல எல்லார்ட்டயும் நாந்தான் உங்கள சொன்னேன்” என்றார் ராகவன்.

ரேடாரை என் ஸ்கேனரே கெடுத்துவிட்டதோ? அது உண்மையானால் அந்தக் குடியிருப்பிலிருந்து இனி ஒரு சைக்கிள்கூட வராது.

வேறு வழியில்லாமல் சபீனாவுக்குப் போன் போட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பத்து வருஷம் இருந்துவிட்டு, இப்போது வேலப்பன்சாவடியில் தனியாகத் தொழில் செய்கிறாள். கம்பெனிக்காரர்கள் பயன்படுத்தும் அதே சாஃப்ட்வேர் அவள் லேப்டாப்பில் உண்டு. அதைப் பந்தாப் பெட்டி என்று எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறேன். வந்தவள் அதையெல்லாம் சொல்லிக் காட்டவில்லை.

ராகவன் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். லேப்டாப்பிலும் அதே கோளாறுதான் வந்தது. ஆனால் அதன் கீழே என் ஸ்கேனர் காட்டாத ஒரு வரி இருந்தது: ரேடாருக்கு முன்னால் மறைப்பு.

“ரேடார் நல்லாத்தான் கீதுண்ணா. இன்னாத்தையோ வெச்சு மூடிக்கீறாங்க” என்றபடி காரின் முன்பக்கம் போய்க் குனிந்தாள்.

கிரில்லின் நடுவில் வழவழவென்று ஒரு கறுப்புத் தட்டு. அதன் மேல் வெள்ளித் தாளில் பளபளக்கும் அம்மன் ஸ்டிக்கர், சந்தனம், குங்குமம். பூஜைக்கு வரும் எல்லா வண்டிக்கும் என் கையால் ஒட்டுவது வழக்கம். ஒட்டுவதற்கென்றே விட்டுவைத்த இடம் போல இருந்ததால் அழுத்தி ஒட்டியிருந்தேன். ரேடார் அந்தத் தட்டுக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியாது. அதன் எதிரில் எத்தனையோ முறை நின்றும் சந்தேகம் வரவில்லை. சாமியை யார் சந்தேகப்படுவார்கள்?

சபீனா ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, ஈரத் துணியால் துடைத்தாள். கோளாறை அழித்துவிட்டுத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தோம். விளக்கு எரியவே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அவரு வர்றதுக்குள்ள ஸ்டிக்கர தூக்கிப் போட்டுடுண்ணா. ஒயர் லூசுன்னு சொல்லிக்கலாம்” என்றாள்.

எனக்கும் ஆசைதான். ஆனால் ராகவன் கவலையோடு வந்து நின்றதும் பொய் வரவில்லை. ஸ்டிக்கரை நீட்டினேன்.

“ரேடாருக்கு ஒண்ணும் ஆவல சார். இத்த அதும்மேல ஒட்னது நான்தான்.”

ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நேத்து இதத்தான் அண்ணாச்சி தொட்டுக் கும்பிட்டு வண்டிய எடுத்தேன்!”

பிறகு போனை எடுத்துக் குரூப்பில் என்னவோ அடித்தார். அந்த ஒரு சைக்கிளும் போச்சு என்று நினைத்தேன். அவரே போனைத் திருப்பிக் காட்டினார்.

‘தசரதன் அண்ணாச்சி ஒட்டுன ஸ்டிக்கர் ரேடார மறைக்குது, புது வண்டிக்காரங்க உரிச்சிருங்க. தப்ப அவரே ஒத்துக்கிட்டாரு. வண்டிய அவர்ட்டயே விடுங்க.’

இரண்டு முறை படித்தேன். கண் கலங்கிவிட்டது. சபீனா பார்த்துவிடக் கூடாதே என்று அந்த ஈரத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நெற்றியெல்லாம் குங்குமம்.