என் மகளின் பெயர் எழுதிய சிலுவை

எனக்குப் படிக்கத் தெரியாது. என் மகன் லாசார் பாரீஸிலிருந்து போட்ட கடிதத்தை, சாமியாருக்கு நேரம் கிடைக்கும்போது வாசிக்கச் சொல்லலாம் என்று கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஊரே கேட்க, கல்யாண ஓலை வாசித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"மணமகன் லாசார், விதவை ஃபிலிபெர்த்தின் மகன். மணமகள் ஹொர்தான்ஸ், பாரீஸ் கையுறைக் கடைக்காரரின் மகள். இது முதல் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள்."

பக்கத்து வீட்டு க்ளோதின் என் விலாவில் இடித்தாள். "நீ பால் குடுத்த குட்டியே மருமகளா வர்றா. யோகக்காரிடி நீ."

பாரீஸுக்கு வேலைக்குப் போனவன் அந்த வீட்டு வாசலை மிதிப்பான் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்கள் மலைப் பெண்களுக்குப் பாரீஸ் குழந்தைகளைக் கூலிக்குப் பால் கொடுத்து வளர்ப்பதுதான் பிழைப்பு. ஹொர்தான்ஸ் எட்டு நாள் சிசுவாக என்னிடம் வந்தபோது என் மகள் ரெய்னுக்கு இரண்டு மாதம், லாசாருக்கு மூன்று வயது. ஐந்தாம் மாதம் பாரீஸ் குழந்தை பேதியில் ஒரே நாளில் போய்விட்டது. குழந்தையைச் சாகவிட்டவளிடம் இன்னொரு குழந்தையை எவள் தருவாள்? பெற்றவர்கள் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. செத்தது ரெய்ன் என்று ஊரை நம்பவைத்து, என் மகள் பெயரிலேயே சிலுவை நட்டேன். ஒன்றரை வருடம் கழித்து என் மகளை ஹொர்தான்ஸ் என்று சொல்லி வண்டியேற்றி அனுப்பினேன். பயம் பாதி; அவளாவது வெள்ளை ரொட்டி தின்னட்டும் என்ற ஆசை பாதி. பாவிதான் நான்.

பிறப்புப் பத்திரம் வாங்க லாசார் அந்த வாரமே வந்தான். அவனைச் சிலுவையடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான்.

"அவகிட்ட சொல்லப் போறியாம்மா?"

"சொன்னா அவளுக்கு வீடு இல்ல, அப்பன் இல்ல, பேருகூட இல்லடா."

"அப்ப என்னைக் கெட்டவனாக்கிடு" என்றான். மறுநாள் பட்டாளத்தில் சேர்ந்து, அந்த மாதமே அல்ஜீரியாவுக்குக் கப்பல் ஏறினான். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

இறந்தவர்கள் தினத்தன்று நான் சிலுவையடியில் இருந்தபோது ஹொர்தான்ஸ் வந்தாள். சேறு அப்பிய பட்டுப் பாவாடை, கையில் ஒரு சாமந்தித் தொட்டி. நேராகக் கல்லறைக்கே வந்துவிட்டாள்.

"பாலம்மா, அவர் எங்க?"

லாசார் போனதிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். "அவனுக்கு இங்கயே ஒருத்தி இருந்தா பாப்பா. புள்ளையும் இருக்கு. உன்னை ஏமாத்திட்டான்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

என்னுடையதைப் போன்ற அதே மோவாயை அவள் நிமிர்த்தினாள். கட்டிப்பிடித்துக்கொள்ளத் துடித்தேன், கைகளை இடுப்பில் கட்டியிருந்த மேல்துணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

தன்னோடு பால் குடித்துச் செத்துப்போன சகோதரிக்கு என்று கொண்டுவந்த சாமந்தியைக் குனிந்து சிலுவையடியில் வைத்தாள். ரெய்ன் என்ற எழுத்துகளில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"உங்க பொண்ணு செத்துப்போனதே நல்லது" என்றாள். "உங்களை அம்மான்னு கூப்பிடாம தப்பிச்சா."

"ஆமா பாப்பா" என்றேன்.