எண்பத்து நான்கு சதுர மீட்டர்

…வெறும் தாள்தானே, பத்தொன்பது வருஷமாக இதைக் கட்டுக்கட்டாகத் தோளில் தூக்கி மாடியேற்றியவள், ஹாலுக்கு இருபதாக எண்ணி வைத்தவள், கட்டுவதற்கு நூல் வெட்டிக் கொடுத்தவள், ஒருநாளாவது இது இத்தனை வெள்ளையாக இருந்ததுண்டா, கண் கூசுகிறதே… பத்தே முக்கால். ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது, பதிவெண்ணையும் ‘கணிதம்’ என்ற ஒரு சொல்லையும் எழுதியதோடு சரி. பேனா வழுக்குகிறது, உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைக்கிறாள், துடைத்த கை துடைத்தபடியே வியர்க்கிறது. முன் பெஞ்சுப் பெண் மூன்றாம் பக்கம் திருப்புகிறாள், பதினாறு வயதுதான் இருக்கும், தன் சின்ன மகளைவிடச் சின்னது, அதற்குள் மூன்றாம் பக்கம். தன் பள்ளிக்கூடமாக இருந்திருந்தால் இந்நேரம் அந்தப் பெண்ணின் மேசைக்குத் தண்ணீர் கொண்டுபோயிருப்பாள். இது வேறு பள்ளிக்கூடம், யாருக்கும் அவளைத் தெரியாது, அது ஒன்றுதான் நிம்மதி. அங்கே என்றால் ஹெட்மாஸ்டர் முதல் ஆறாம் வகுப்பு வரை ஒரே பெயர்தான், பெல்லக்கா. மணி அடிப்பவளுக்கு அதற்குமேல் பெயர் எதற்கு?

இந்தத் தடவை போனால் போனதுதான். பத்தாம் வகுப்புப் பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசிப் பரீட்சை என்று சுற்றறிக்கை வந்துவிட்டது, அதையும் அவள்தான் வகுப்பு வகுப்பாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கினாள், தன் தலைவிதியைத் தானே சுமந்துகொண்டு. இன்று கணக்கில் தவறினால், தேறிய நான்கு பாடமும் செல்லாது, முதலிலிருந்து எழுத வேண்டும். நாற்பத்தாறு வயதில் முதலிலிருந்து என்றால் என்ன அர்த்தம்? இல்லை என்று அர்த்தம். தேறினால் ஆய்வக உதவியாளர். அப்படியென்ன பெரிய பதவி என்று வீட்டுக்காரர் கேட்டார், “பாஸ் பண்ணா உன்னய பிரின்ஸிபாலாவா ஆக்கப் போறாங்க? இந்தக் குழாயக் கழுவுறதுக்குப் பதிலா அந்தக் குழாயக் கழுவப் போற.” அவருக்குத் தெரியாது. ஒருநாள் சோதனைக் குழாய்களைக் கழுவும்போது ஒன்றின் அடியில் அப்படியொரு நீலம், மனசை என்னவோ செய்கிற நீலம், இது என்ன டீச்சர் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள். “கழுவுற வேலையப் பாரு பெல்லு” என்றாள் வேதியியல் டீச்சர், நேற்று வேலைக்கு வந்த பெண், தலைகூட நிமிரவில்லை. கேட்கக்கூட ஒரு சர்டிபிகேட் வேண்டும் போலிருக்கிறது இந்த உலகத்தில்.

எழுது, முதல் கேள்வியாவது எழுது… முதல் கேள்வியின் எண்கள் எறும்புபோல ஊர்கின்றன. அன்றைக்கும் இப்படித்தான் ஊர்ந்தன. பத்தாம் வகுப்புக் கரும்பலகை, கையில் சுண்ணக்கட்டி, பின்னால் ஐம்பது ஜோடிக் கண்கள், கணக்கு வாத்தியார் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே, “போடு தாயி, நல்ல நேரம் பாக்கிறியா?” என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்கு வகுப்பிலும் அவர் வந்தவுடன் செய்த முதல் காரியம், “நீ போய் எனக்குத் தண்ணி கொண்டா.” ஒரு செம்புத் தண்ணீருக்கு ஒரு மணி நேரம், அவரும் தேடவில்லை, அவளும் திரும்பவில்லை. வயிற்றெரிச்சல் அது இல்லை. சந்தோஷமாகப் போனாளே, தப்பித்தோம் என்று செம்பை ஆட்டிக்கொண்டு போனாளே, அதுதான் இன்றைக்கும் எரிகிறது. ஒருத்தியை முட்டாளாக்க அடிக்க வேண்டியதில்லை, தண்ணீர் எடுத்துவர அனுப்பினால் போதும்.

மணி அடித்தது. பதினொன்று. டாண் என்ற அந்தச் சத்தம் காதில் விழுந்ததா காலில் விழுந்ததா தெரியாது, அவள் எழுந்துவிட்டாள். எழுந்தவள் நிற்கவில்லை, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் விறுவிறுவென்று நடந்து சூப்பர்வைசர் மேசையிலிருந்த நூல்கண்டை எடுத்து முழம் போட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு துண்டு வெட்டுகிற அளவுக்கு இழுத்த பிறகுதான் ஹாலில் ஒரு பேனாவும் ஓடவில்லை என்பது உறைத்தது. “என்னம்மா, பாத்ரூமா?” என்றார் சூப்பர்வைசர். “இல்ல சார்… நூலு…” “நூலா? நீங்க பரிட்சை எழுத வந்தீங்களா, பூக்கட்ட வந்தீங்களா?” அவ்வளவுதான், ஹால் முழுக்கச் சிரிப்பு, கடைசி பெஞ்சில் எவனோ மேசையைத் தட்டினான், முன் பெஞ்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். காது இரண்டும் நெருப்பு. ஓடிவிடலாம், வாசல் அதோ, போனால் ஒரு வாய் மோர்கூடக் கேட்காமல் சுருண்டு படுத்துவிடலாம்… ஆனால் இரு. சிரித்தாகிவிட்டது இல்லையா? முப்பது வருஷமாக எதற்குப் பயந்தாளோ, எல்லாரும் ஒன்றாகப் பார்த்து ஒன்றாகச் சிரிப்பார்கள் என்று, அது இப்போதுதான் நடந்து முடிந்தது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதோ எல்லாரும் குனிந்துவிட்டார்கள், அவரவர் தாள் அவரவர்க்கு. இதற்காகவா? இந்த ஒரு நிமிஷத்துக்காகவா முப்பது வருஷம்? துக்கமாக வந்தது, கோபமாகவும் வந்தது, தூ என்று துப்பத் தோன்றியது. பேனாவை எடுத்தாள்.

சராசரி தெரியும். கணங்கள் தெரியும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து பெரியவள் கத்திக் கத்திச் சொன்னது, வீட்டின் முதல் பட்டதாரி, பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். “அம்மா, மைனஸையும் மைனஸையும் பெருக்குனா பிளஸ்னு நூறு தடவ சொல்லிட்டேன்.” “ரெண்டு கெட்டவன் சேந்தா எப்பிடிடி நல்லவனாவான்?” “உன் மண்டையில என்ன களிமண்ணா?” சொன்னவுடன் பெரியவளின் முகம் செத்துவிட்டது, மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது அந்தக் கழுதைக்கு, மறுநாள் பார்த்தால் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாற்பது கணக்கு, சின்னச் சின்னதாக, படி படியாகப் பிரித்து. அந்த நாற்பதும் இப்போது வரிசையாக வருகின்றன. பதினொன்றரை மணிக்கு ஒரு நிறுவல், இடப்பக்கமும் வலப்பக்கமும் கடைசி வரியில் ஒன்றுபோல வந்து நின்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, தனியாக, காரணமில்லாமல், இது என்ன பைத்தியம், இங்கே உயிர் போகிறது, இது வந்து இனிக்கிறதே?

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. கூட்டிப் பார்த்தாள். நிச்சயமாக வருவது முப்பத்தொன்று, தாராளமான ஆசாமி திருத்தினால் முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து. கடைசியாகப் போட்ட ஐந்து மார்க் கணக்கில்தான் எல்லாம் தொங்குகிறது. ஓர் அறை, நீளத்தைவிட அகலம் ஐந்து மீட்டர் குறைவு, பரப்பு எண்பத்து நான்கு சதுர மீட்டர், நீளம் என்ன, அகலம் என்ன. நீளம் ஏழு, அகலம் இரண்டு என்று எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. ஏழுக்கு இரண்டு… கை தானாகத் தரைத்துணியைப் பிடிக்கிற மாதிரி மடங்கியது. ஏழுக்கு இரண்டு அறையா? அது மாடிப்படிக்குக் கீழே இருக்கிற நடை. அரை பக்கெட் தண்ணீரில் துடைத்துவிடலாம். எண்பத்து நான்கு சதுர மீட்டர் அவளுக்குத் தெரியும், இரண்டு வகுப்பறையைச் சேர்த்தது மாதிரி இருக்கும், குனிந்து துடைத்து நிமிர்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். இது தப்பு. விடை தப்பு. யாரும் சொல்லவில்லை, சிவப்பு மை படவில்லை, அவளுக்கே தெரிகிறது, தப்பு.

எங்கே? எந்த வரியில்? சமன்பாடு சரி, எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஐந்து எக்ஸ் மைனஸ் எண்பத்து நான்கு, சரி, பிறகு பன்னிரண்டும் ஏழும், அதுவும் சரி, அப்புறம் எங்கே… முன்வரிசையில் எழுதி முடித்தவர்களிடம் தாள் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், செருப்புச் சத்தம் ஒவ்வொரு பெஞ்சாக நகர்கிறது, விட்டுவிடு, போட்டது போட்டபடி இருக்கட்டும், இல்லை, கூடாது, பெருக்கினால் மைனஸ், கூட்டினால் மைனஸ் ஐந்து, அப்படியென்றால் பெரிய எண்ணுக்குத்தான் மைனஸ், பன்னிரண்டுக்குத்தான், குறி மாறிக் கிடக்கிறது, ஒரு சின்னக் கோடு, கண்ணில் விழுந்த தூசி மாதிரி. அடித்தாள். நீளம் பன்னிரண்டு. அகலம்… கடைசி மணி அடித்தது, கால் அசையவில்லை. பக்கத்தில் நிழல் விழுந்தது, “போதும்மா, குடுங்க” என்று ஒரு கை நீண்டது.

“இருங்க சார்.”

யார் சொன்னது? இந்தக் குரலில் இதுவரை அவள் யாரிடமாவது பேசியிருக்கிறாளா, அப்பாவிடம், வீட்டுக்காரரிடம், ஒரு டீச்சரிடம்? கை நீட்டியபடி நிற்கிறது, இழுத்தால் தாள் போய்விடும், முப்பத்தொன்றோடு எல்லாம் போய்விடும், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, பன்னிரண்டில் ஐந்து போனால்…