வருவதைப் பார்க்க

"சிவப்பு லைட் எரியுது. பச்சை வரலை," என்றார் அவர், மேசைமேல் குனிந்தபடி.

"மினுக்கக்கூட இல்லையா?" கட்டிலிலிருந்து அவள் கேட்டாள்.

"ம்ஹும். கல்லு மாதிரி கிடக்கு."

"அப்ப கார்டைப் படிக்கலை. கழட்டி மறுபடி சொருகுங்க. மெதுவா. மேட்டுல கியர் போடுற மாதிரி போடாதீங்க."

சீட்டுக்கட்டு அளவே இருந்தது அந்தக் கணினி. அதன் அடியில் நகம் போல ஒரு மெமரி கார்டு. காலமெல்லாம் லாரி ஸ்டியரிங் பிடித்த விரல்களுக்கு அது அகப்படவே இல்லை. அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. அவர் எழுந்து வந்து ஸ்பூனால் தண்ணீர் விட்டார்.

முன்னறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்தியவள் அவள். தெருவே 'கம்ப்யூட்டர் அக்கா' என்றுதான் கூப்பிடும். நோய் முற்றியதும், குளியலறைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். போன வாரம் தம்பியை விட்டு வெளிக்கேட்டில் ஒரு கேமரா மாட்ட வைத்தாள். அதில் தெரிவதைக் கட்டிலருகே இருக்கும் திரையில் காட்டத்தான் இந்தக் குட்டிக் கணினி. போனிலேயே பார்க்கலாம், பிடித்துக்கொண்டிருக்கக் கையில் வலுவில்லை.

"தெருவுல அப்படி என்ன இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு, "நீங்க வர்றது இருக்கு," என்றிருந்தாள்.

லாரி அந்தத் தெருவுக்குள் நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, தோளில் பையோடு நடந்து வருவார். கடை மேசையிலிருந்து அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான். அதைப் போய் ஒருத்தி நினைத்து வைத்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

கார்டை மறுபடி சொருகியும் பச்சை வரவில்லை. லேப்டாப்பில் போட்டு, அவள் சொல்லச் சொல்ல, சிஸ்டத்தை முதலிலிருந்து எழுதினார். கடைசியில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார்.

"எழுதினது பதியலை. கார்டே போச்சு," என்றாள் அவள். "வேற கார்டு வேணும். கடையை மூடும்போது எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டேன்."

"போய் வாங்கிட்டு வரவா?"

"நர்ஸ் வந்துருவாங்க. ஊசி போட்டா எனக்கு உலகமே தெரியாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க போன்ல ஒரு கார்டு போட்டுக் குடுத்தேனே. அதுல என்ன வெச்சிருக்கீங்க?"

அதில் அவள் இருந்தாள். வழியில் இருக்கும்போது அவள் பேசி அனுப்பியதையெல்லாம் அவர் அதில்தான் சேர்த்து வைத்திருந்தார். சாப்டாச்சா. இங்க நல்ல மழை, அங்க எப்படி. தூக்கம் வந்தா ஓரமா நிறுத்திட்டுப் படுங்க, லோடு ஒண்ணும் அழுகிடாது. ஆள் இல்லாத ரோட்டில் போட்டுக் கேட்டபடியே ஓட்டுவார்.

"பாட்டுதான்," என்றார்.

"எல்லாம் அழிஞ்சிடுமே. லேப்டாப்ல எடுத்து வெச்சுக்கலாம். ஆனா அதுக்கும் நேரமாகும்."

அவள் இமைகள் கனத்துத் தாழ்ந்து, மறுபடி திறந்தன. விழித்திருக்கத்தான் அவள் பாடுபடுகிறாள் என்பது அவருக்குப் புரிந்தது.

"பாட்டு எங்க போகுது? ரேடியோவுல வரும்," என்றார்.

இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்று லேப்டாப் கேட்டது. அவர் அமுக்கினார்.

எழுதி முடித்த கார்டைக் குட்டிக் கணினியில் சொருகியதும், இந்தத் தடவை பச்சை விளக்கு துடித்தது. திரையில் வானவில் போல நிறங்கள் வந்தன; மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று தோன்றியது; எல்லாம் அணைந்தது.

"மின்னல் அடிக்குது!"

"கரண்டு பத்தலை. அந்தத் தடிச்ச ஒயர் சார்ஜரைப் போடுங்க."

"பேட்டரி வீக்கா இருந்தா வண்டியும் இப்படித்தான் முனகும்."

"உங்களுக்கு எல்லாமே வண்டிதான்."

சார்ஜரை மாற்றியதும் எழுத்துகள் கடகடவென்று ஓடின. அவள் சொன்ன இரண்டொரு இடங்களை அமுக்கினார். திரை நிறையத் தெரு வந்தது. வெயில், ஒரு நாய், எதிர்வீட்டுக் கொடியில் துணி.

அவள் கண் திரையில் தெருமுனை வரை போய் வந்தது.

"போங்க," என்றாள் பிறகு. "மெயின் ரோடு வரைக்கும் போயிட்டு வாங்க. பையோட."

வெறும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். முனைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன டிரைவர், கிளம்பியாச்சா?"

"இல்ல, வந்துட்டிருக்கேன்."

"எங்கருந்து?"

அவர் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டார். திரும்பி நடந்தார். கேட்டருகே வந்ததும், கேமராவைப் பார்ப்பதா வேண்டாமா என்று கூச்சமாக இருந்தது.

அறைக்குள் அவர் வந்தபோது அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. "இடது காலை இழுக்கறீங்க. எப்பருந்து?"

"கிளட்ச் கால்தானே. ரொம்ப நாளா இருக்கு."

"எனக்குத் தெரியாமப் போச்சே."

"இன்னொரு தடவை வரட்டுமா?"

அவள் தலையசைத்தாள். இந்த முறை காலை இழுக்காமல் நடந்து பார்த்தார். உள்ளே வந்தபோது நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் பையை மூடிக்கொண்டிருந்தார். அவள் முகம் திரைப்பக்கம் திரும்பியிருந்தது, கண் மூடியிருந்தது. பார்த்தாளா என்று நர்சைக் கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டார்.

சாயங்காலம், விழிக்காமலே, மூச்சு நின்றது.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். அவள் தம்பி அவரை ஓரமாக அழைத்துப் போனான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, அக்கா பேசினது ஏதாவது உங்க போன்ல இருக்கா? என்னோடது பழைய போனோட போயிடுச்சு."

"இல்லப்பா."

"ஒண்ணுகூடவா?"

"இல்லப்பா," என்றார் மறுபடி. அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அமரர் ஊர்தியும் மெயின் ரோட்டில்தான் நின்றது. அவளைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள். ஏற்றியதும் வண்டி ஓட்டுபவர் முன்கதவைத் திறந்து, "முன்னாடி உக்காருங்கண்ணே, வசதியா இருக்கும்," என்றார்.

அவர் பின்னால் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து ரோடு தெரியவில்லை. முதல் திருப்பத்தில் வண்டி வேகமாக வளைந்தது. அவர் கை அவளைப் பிடித்துக்கொண்டது. வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மெல்ல மிதித்தது.